புதுக் கடல்நீர்த் தொட்டியில் பழுப்புப் படலம்: மருந்து வேண்டாம், பொறுமை வேண்டும்!

வண்ணமீன் என்றால் சென்னையில் கொளத்தூர்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். கப்பி, மோலி, ஃபைட்டர், தங்கமீன் என்று அங்கே விற்பவற்றில் பெரும்பகுதி நன்னீர் மீன்கள். ஆனால் சமீப காலமாக ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் பக்கமிருந்து வரும் கேள்விகளில் கோமாளி மீன் போன்ற கடல் வண்ணமீன்களைப் பற்றியவை கூடியிருக்கின்றன. கடலை ஒட்டிய ஊர், வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, சிறு வருமானம் வந்தால் நல்லது என்ற எண்ணம்தான் காரணம்.

அந்தக் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான்: "தொட்டி வைத்து இரண்டு, மூன்று வாரம்தான் ஆகிறது. மணல், கண்ணாடி, பம்பு எல்லாவற்றின் மேலும் பழுப்பாகத் தூள் படிகிறது. துடைத்தால் மறுநாள் மறுபடி வருகிறது. என்ன மருந்து ஊற்றலாம்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த மருந்தும் ஊற்ற வேண்டாம். இது நோய் இல்லை. புதுத் தொட்டியில் விளையும் முதல் பயிர். காரணத்தைத் தெரிந்துகொண்டு தண்ணீரைச் சரிசெய்தால் சில வாரங்களில் தானாகவே குறையும். இந்த நேரத்தில் அவசரப்பட்டு மருந்து ஊற்றுவதால்தான் பலருடைய தொட்டி வீணாகிறது. மீன், உப்பு, கருவிகள் என்று போட்ட பணமும் அதோடு போகிறது.

அந்தப் பழுப்புத் தூள் என்ன?

கடைக்காரர்கள் 'பழுப்புப்பாசி' என்பார்கள். உண்மையான பழுப்புப்பாசி வேறு. மன்னார் வளைகுடாவில் கட்டக்கோரை என்று எடுக்கிறார்களே, அந்த சர்காசம்தான் பழுப்புப்பாசி இனத்தைச் சேர்ந்தது. நம் தொட்டியில் படிவது டயாட்டம் என்ற ஒற்றைச் செல் உயிர். கண்ணுக்குத் தனியாகத் தெரியாது. கோடிக்கணக்கில் சேரும்போதுதான் பழுப்புப் படலமாகத் தெரியும். ஃபூக்கோசாந்தின் என்ற நிறமி அதற்கு அந்த நிறத்தைக் கொடுக்கிறது.

டயாட்டத்தின் தனிச்சிறப்பு அதன் ஓடு. அந்த ஓடு சிலிக்காவால் ஆனது, அதாவது கண்ணாடியின் மூலப்பொருளால் ஆனது. விவசாயிகளுக்கு சிலிக்கா புதிதல்ல. நெல் இலையை உருவினால் கையை அறுக்கிறதே, அது சிலிக்கா. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. மண்ணிலிருந்து நெற்பயிர் சிலிக்காவை உறிஞ்சித் தண்டை உறுதியாக்கிக்கொள்வதுபோல, டயாட்டம் தண்ணீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து ஓடு கட்டிக்கொள்கிறது. பழங்காலத்து டயாட்டம் ஓடுகள் படிந்து உண்டான மண்ணைத்தான் சேமிப்புத் தானியத்தில் வண்டு விழாமலிருக்கத் தூவும் டயாட்டம் மண் என்று விற்கிறார்கள்.

டயாட்டத்தை எதிரியாகவும் நினைக்க வேண்டாம். உலகில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு டயாட்டங்களால் நடக்கிறது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் கீட்டோசெரஸ், ஸ்கெலட்டோனீமா போன்ற டயாட்டங்களைத் தனியாக வளர்த்து இறால் இளங்குஞ்சுகளுக்குத் தீனியாகக் கொடுக்கிறார்கள். அப்படி வளர்க்கும்போது தண்ணீரில் உரத்தோடு சோடியம் மெட்டாசிலிகேட்டும் சேர்ப்பார்கள். அங்கே காசு கொடுத்துச் சேர்க்கும் சிலிக்காவை நாம் நம் தொட்டியில் தெரியாமல் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். விஷயம் அவ்வளவுதான்.

புதுத் தொட்டியில் மட்டும் ஏன் வருகிறது?

புதிதாக உழுது போட்ட வயலில் முதலில் முளைப்பது எது? நாம் விதைத்த பயிரா, களையா? களைதான். வெற்றிடம், வெளிச்சம், சத்து மூன்றும் இருக்கிறது; போட்டிக்கு ஆள் இல்லை. புதுத் தொட்டியும் அப்படித்தான். டயாட்டம் வேகமாகப் பெருகக்கூடியது, அதனால் முதலில் இடம் பிடிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. யூரியா போட்டால் மண்ணில் அது அம்மோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாகிறது. இதைச் செய்வது மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள். தொட்டியிலும் மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். அதை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேற 3 முதல் 6 வாரம் ஆகும். அவை மெதுவாகப் பெருகுபவை. அதுவரை தண்ணீரில் சத்து தேங்கி நிற்கும். அந்தச் சத்தும் சிலிக்காவும் சேர்ந்தால் டயாட்டத்துக்கு விருந்து.

பாக்டீரியா நிலைபெற்று, மற்ற பாசிகளும் சிற்றுயிர்களும் வந்து, தண்ணீரிலிருந்த சிலிக்காவும் தீர்ந்த பிறகு டயாட்டம் ஓடு கட்ட வழியில்லாமல் ஓய்ந்துவிடும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தோன்றி, அடுத்த சில வாரங்களில் மறையும். மாதக்கணக்கில் நின்றால் எங்கிருந்தோ சிலிக்கா தொடர்ந்து வருகிறது என்று பொருள்.

சிலிக்கா வரும் வழி

பலர் மணலைத்தான் குற்றம் சொல்வார்கள். கெட்டியான குவார்ட்ஸ் மணலிலிருந்து சிலிக்கா மிக மெதுவாகத்தான் கரையும். முதல் சந்தேகம் தண்ணீர்மீதுதான் வர வேண்டும். பாறை, மண் வழியே ஊறி வரும் நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்தே இருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 180 லிட்டர் பிடிக்கும். சென்னை வெயிலில் தினம் 2 லிட்டர் ஆவியாகிறது என்று வைப்போம். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பும் சிலிக்காவும் தொட்டியிலேயே தங்கும். குறைந்ததை போர் தண்ணீரால் நிரப்புகிறீர்கள், அதில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் சிலிக்கா இருக்கிறது என்றால், ஒரு நாளைக்கு 60 மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு 1,800 மில்லிகிராம் சேரும். அதாவது தொட்டியில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் கூடுகிறது. திறந்த கடலின் மேல்மட்ட நீரில் பொதுவாக லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இருக்காது. அப்புறம் டயாட்டம் ஏன் போகும்?

ஆர்.ஓ. தண்ணீர் பயன்படுத்துகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. டி.டி.எஸ். மீட்டர் குறைவாகக் காட்டுகிறது என்பதற்காகச் சிலிக்கா இல்லை என்று நினைக்கக் கூடாது. அந்த மீட்டர் மின்கடத்தலைத்தான் அளக்கிறது. கரைந்த சிலிக்கா சாதாரண நீரில் பெரும்பாலும் மின்னூட்டம் இல்லாமல் இருப்பதால் மீட்டருக்குத் தெரியாது. ஆர்.ஓ. சவ்வு பழசானால் சிலிக்கா கூடுதலாகத் தப்பி வரும். ஆர்.ஓ.வுக்குப் பின் ரெசின் குழாய் வைத்திருந்தால், ரெசின் தீரும் நேரத்தில் முதலில் நழுவி வருபவற்றில் சிலிக்காவும் ஒன்று. சிலிகேட் பரிசோதனைக் கிட் தனியாகக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி நாலைந்து பேர் சேர்ந்து பயன்படுத்தலாம்.

நம் பகுதியில் எந்தத் தண்ணீர்?

*கரையோரக் கடல்நீர்:* வீட்டு வாசலில் கடல் இருக்கும்போது உப்பு எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் துறைமுகத்துக்குள் டீசலும் கழிவும் கலந்திருக்கும். கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பது ஊரறிந்த விஷயம். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்தது. அதே மாதக் கடைசியில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. வலை வீசும் மக்களுக்கு இதையெல்லாம் நான் சொல்லத் தேவையில்லை. இந்தக் கரையிலிருந்து குடத்தில் மொண்டு வந்த நீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்று நீர் கலந்து கடலின் உப்பளவும் குறையும். அந்த ஆற்று நீர் சிலிக்காவையும் கொண்டுவரும்.

*ஆழ்கடல் நீர்:* படகு வைத்திருக்கும் உறவினர் இருந்தால், மழை இல்லாத நாட்களில், கரையை விட்டு நன்றாக உள்ளே போய், சுத்தமான உணவுத் தரக் கேனில் பிடித்து வரச் சொல்லலாம். அதையும் நேரே ஊற்றாமல், வடிகட்டி, மூடிய தொட்டியில் வெளிச்சம் படாமல் இரண்டு வாரம் வைத்துப் பிறகு பயன்படுத்தவும்.

*மெட்ரோ தண்ணீர்:* காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள கடல்நீர் குடிநீராக்கும் நிலையம் இருக்கிறது. அங்கே ஆர்.ஓ. முறைதான். ஆனால் வீட்டுக் குழாய்க்கு வரும்போது ஏரி நீரும் கலந்திருக்கலாம், குளோரினும் இருக்கும். அதனால் வீட்டிலும் ஒரு முறை ஆர்.ஓ. செய்வது நல்லது.

*செயற்கைக் கடல் உப்பு:* வட சென்னைக்கு என் பரிந்துரை இதுதான். நல்ல ஆர்.ஓ. தண்ணீரில் மீன் தொட்டிக்கான கடல் உப்புக் கலவை. 180 லிட்டருக்கு ஏறக்குறைய ஆறரைக் கிலோ வேண்டியிருக்கும். சமையல் கல்லுப்பு ஆகாது. உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு மெக்னீசியம் போன்றவை கழிவு நீரோடு போய்விடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் மீனுக்கு எல்லா உப்பும் வேண்டும்.

வாரவாரியாக என்ன செய்வது?

முதல் வாரம்: உப்பளவு லிட்டருக்கு 35 கிராம், ஒப்படர்த்தி 1.025 என்ற அளவில் இருக்கட்டும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. அமில-காரநிலை 8.1 முதல் 8.3. மீன் விட வேண்டாம். ஒரு சிறு இறால் துண்டைப் போட்டால் அதிலிருந்து வரும் அம்மோனியா பாக்டீரியாவுக்குத் தீனி. காற்றும் நீரோட்டமும் நிற்கக் கூடாது. மின்தடைக்கு பேட்டரி ஏர் பம்பு ஒன்று வைத்துக்கொள்ளவும்.

இரண்டாவது முதல் நான்காவது வாரம்: பழுப்புப் படலம் வரும் காலம். விளக்கை ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். ஜன்னல் வெயில் நேரடியாகப் படக் கூடாது. முன்பக்கக் கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதும். துடைத்தது அடியில் படிந்த பிறகு சிறு குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். மணலைக் கிளறிக் கழுவ வேண்டாம்; அதில்தான் பாக்டீரியா குடியேறிக்கொண்டிருக்கிறது. வாரம் ஒரு முறை 10 முதல் 15 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். மாற்றும் தண்ணீரும் ஆவியானதை ஈடுகட்டும் தண்ணீரும் ஆர்.ஓ. ஆகவே இருக்க வேண்டும். ஈடுகட்டும் தண்ணீரில் உப்புப் போடக் கூடாது.

நான்காவது வாரத்துக்குப் பிறகு: அம்மோனியாவும் நைட்ரைட்டும் பரிசோதனையில் பூஜ்யம் காட்டினால் ஒரு ஜோடி மீன் விடலாம். பாசி மேயும் சிறு கடல் நத்தைகள் சில விடலாம். சேற்றுப் பரப்பில் டயாட்டத்தை மேய்ந்து வாழும் நத்தைகள் நம் முகத்துவாரங்களிலேயே உண்டு. ஆனால் எண்ணூர்ச் சேற்றிலிருந்து எடுத்து வராதீர்கள். அந்தச் சேற்றின் மாசும் கூட வரும். சட்டம் பாதுகாக்கும் சிப்பி, சங்கு இனங்களும் இருப்பதால் விவரம் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கவும். தீனியை இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு மட்டும் கொடுக்கவும்.

செய்யவே கூடாதவை

வயலில் பாசி படர்ந்தால் மயில்துத்தத்தைத் துணியில் கட்டி வாய்க்கால் மடையில் வைப்பது நமக்குப் பழக்கம். அதே நினைப்பில் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள தாமிரம் நத்தை, இறால் எல்லாவற்றையும் கொல்லும். கிளிஞ்சல் மணலில் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வெளியே வரும். அந்த மணலைத் தூக்கி எறிவதைத் தவிர வழி இருக்காது.

ஆன்டிபயாட்டிக் மாத்திரையைக் கரைத்து ஊற்றினால் டயாட்டம் சாவதைவிட, மாதக்கணக்கில் சேர்ந்த நல்ல பாக்டீரியா சாவதுதான் நடக்கும். உடனே அம்மோனியா ஏறும். கடல்நீர் காரத்தன்மை உள்ளது. காரம் கூடக்கூட அம்மோனியாவின் நச்சும் கூடும். மறுநாள் காலையில் மீன் மிதந்தால் பழி பழுப்புப் படலத்தின்மேல் விழும், கொன்றது மருந்து.

தொட்டியை முழுவதும் காலி செய்து, பிளீச்சிங் போட்டுக் கழுவி, மறுபடி நிரப்புவதும் வேண்டாம். நாலு வாரம் முன்னேறியதை அழித்து முதல் நாளுக்குத் திரும்புவதுதான் அது. மறுபடியும் டயாட்டம் வரும்.

பவளப் பாறைத் துண்டு போட்டால் தொட்டி சீக்கிரம் சரியாகும் என்று சிலர் விற்பார்கள். வாங்காதீர்கள். பவளப்பாறைகளும் கடல்குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001 முதல் இருக்கின்றன. பிடிபட்டால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. பாக்டீரியா தங்க பீங்கான் வளையங்கள் போதும். மணலுக்கு, கோழித் தீவனக் கடையில் கிடைக்கும் கிளிஞ்சல் நொய்யைத் தூள் போக நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம்.

டயாட்டம்தானா என்று உறுதி செய்யுங்கள்

டயாட்டம் தூளாகப் படியும், விரல் பட்டால் புகைபோலக் கலையும். சிவப்பு அல்லது கருநீல நிறத்தில் விரிப்புபோலப் படர்ந்து, உரித்தால் தோலாக வந்தால் அது சயனோ பாக்டீரியா. பழுப்பாகவே இருந்தாலும் சளிபோல நூல் நூலாகத் தொங்கி, இடையிடையே காற்றுக் குமிழிகள் சிக்கியிருந்தால் டைனோஃபிளஜெலேட் ஆக இருக்கலாம். அதை மேய்ந்த நத்தைகள் சாவதும் உண்டு. சந்தேகம் இருந்தால் கொஞ்சம் எடுத்து ஒரு பாட்டிலில் குலுக்கி, மெல்லிய வடிதாளில் வடித்து, வடித்த நீரை ஒரு மணி நேரம் வெளிச்சத்தில் வையுங்கள். மறுபடி நூலாக ஒன்றுசேர்ந்தால் அது டயாட்டம் இல்லை. அதற்கு வைத்தியம் வேறு. மீன்வளத் துறையினரிடம் காட்டவும்.

வாசகர் கேள்விகள்

*எண்ணூர் வாசகர்: தொட்டி வைத்து 18 நாள் ஆகிறது. பழுப்புப் படலம் முழுக்கப் போன பிறகுதான் மீன் விட வேண்டுமா?*

தேவையில்லை. படலம் மீனுக்குக் கெடுதல் செய்யாது. நீங்கள் பார்க்க வேண்டியது அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும்தான். இரண்டும் பூஜ்யமாகி, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் மீன் விடலாம். படலம் இல்லாமல் பளிச்சென்று இருக்கும் தொட்டியில் அம்மோனியா இருந்தால் அதில்தான் மீன் சாகும்.

*மீஞ்சூர் வாசகி: எங்கள் கிணற்றில் கடல்நீர் புகுந்து உப்பாகிவிட்டது. நெல்லுக்கு ஆகாத அந்தத் தண்ணீரைக் கடல் மீனுக்குப் பயன்படுத்தலாமா அம்மா?*

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் உப்புத் தண்ணீர் எல்லாம் கடல் தண்ணீர் ஆகாது. நிலத்தடியில் தங்கிய நீரில் உப்புகளின் விகிதம் மாறியிருக்கும். சிலிக்காவும், சில இடங்களில் இரும்பும் நைட்ரேட்டும் கூடியிருக்கும். பழுப்புப் படலம் ஓயாது. அந்த நீரை ஆர்.ஓ. செய்தால் பயன்படுத்தலாம், ஆனால் உப்பு அதிகமாக இருந்தால் வீட்டு ஆர்.ஓ. கருவி தாங்காது. முதலில் நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவெடுங்கள்.

*ராயபுரம் வாசகர்: நான்கு மாதமாகியும் பழுப்பு போகவில்லை. ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன்.*

ஆர்.ஓ. சவ்வை மாற்றி எவ்வளவு நாளாகிறது என்று பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரிலேயே சிலிகேட் பரிசோதனை செய்யுங்கள். அதில் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இல்லையென்றால், உறைந்த தீனியை அலசாமல் போடுகிறீர்களா, வடிகட்டிப் பஞ்சு அழுக்காக இருக்கிறதா, நீரோட்டம் படாத மூலை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

*பழவேற்காடு வாசகர்: இறால் பண்ணையில் நஷ்டப்பட்டேன். கடல் வண்ணமீனுக்கு மானியம் உண்டா?*

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் வீட்டளவிலான வண்ணமீன் வளர்ப்புப் பிரிவுக்கு இடமுண்டு. அலகுச் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் என்பது அதன் விதி. இப்போது விண்ணப்பம் பெறுகிறார்களா என்பதை மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறது. அதற்கு மண்டபத்தில் நிலையம் இருக்கிறது. பொரிப்பகத்தில் பிறந்த குஞ்சுகளையே வாங்குங்கள். கடலில் பிடித்ததைவிட அவை தொட்டிக்குப் பழகியவை. உங்களுக்கு ஒரு சாதகம் உண்டு: குளத்துத் தண்ணீர் பழுப்பாக மாறினால் இறாலுக்கு நல்லது என்று சந்தோஷப்பட்ட ஆள் நீங்கள். புதுத் தொட்டியில் அதே நிறத்தைப் பார்த்தால் பதறமாட்டீர்கள். ஒரே ஒரு தொட்டியில் தொடங்கி, அது ஆறு மாதம் நிலையாக ஓடிய பிறகு அடுத்த தொட்டியில் பணம் போடுங்கள்.